பிரிக்காத பெட்டியின் மதிப்பு

கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சந்தில், மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் நுகர்வோர் நிறைவு ஆய்வகம் இருந்தது. மூன்று வருடமாக அது ஒரே ஒரு கேள்வியை ஆராய்ந்துவந்தது. மாதாமாதம் பணம் கட்டினால், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் ஒரு வீடியோ கேமை மூடிய பெட்டியில் வைத்து அனுப்பும் சந்தாத் திட்டம் காசுக்குப் பெறுமா, பெறாதா?

கேள்வி சின்னதுதான். ஆனால் பதில் கிடைத்த மறுநாளே ஆய்வகத்தை மூட வேண்டியிருக்கும் என்பதால், எல்லோரும் மிகுந்த எச்சரிக்கையோடு வேலை பார்த்தார்கள்.

இல்மா அங்கே சேர்ந்தது ஒரு விளம்பரத்தைப் பார்த்து. "தராசும் வெர்னியர் காலிப்பரும் பார்க்கத் தெரிந்த அறிவியல் பட்டதாரி தேவை. பேச வேண்டியதில்லை." இயற்பியலில் முதுகலை முடித்து வேலை தேடிய காலத்தில் இவ்வளவு அழகான வாக்கியத்தை அவள் படித்ததில்லை. அதற்கு முன் பார்த்த வேலைகள் எல்லாம் வாயால் போனவை. டியூஷன் சென்டரில் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்தினாள். பிள்ளைகள் அவளுடைய முதுகுக்கு வணக்கம் சொல்லப் பழகியிருந்தார்கள். அடுத்தது ஒரு செல்போன் கம்பெனியின் குறைகேட்பு மையம். அங்கே கூப்பிட்டவர்கள் எல்லாம் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிட்டார்கள்.

"பேசாம இருக்கறதுக்குச் சம்பளமா?" என்று கேட்டாள் அவளுடைய அம்மா சாஜிதா பேகம். "இத்தனை நாளா வீட்டுல அதைச் சும்மாவே செஞ்சுட்டு இருந்தியே."

ஆறு மாதம் தற்காலிகம். அதற்குப் பிறகு இயக்குநருக்குத் திருப்தி என்றால் நிரந்தரம். அந்த நிரந்தரம் இல்மாவுக்கு வேண்டியிருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தராசு, ஒரு ஸ்டூல், சந்துப் பக்கம் பார்த்த ஒரு ஜன்னல், யாரும் எதையும் கேட்காத காலைநேரம். தன் அளவுக்கே தைத்த சட்டை மாதிரி ஒரு வேலை. இதை விட்டால் மறுபடியும் ஏதாவது ஒரு கவுன்டரில் உட்கார்ந்து "சொல்லுங்க சார்" என்று ஆரம்பிக்க வேண்டும். நினைத்தாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

முதல் நாள் இயக்குநர் அருள்குமார் ஆய்வகத்தின் கொள்கையை விளக்கினார். அவர் வணிகவியலில் முனைவர். வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, எதிரில் ஒருவரே இருந்தாலும் மைதானத்தில் பேசுவது போலப் பேசுவார்.

"இங்கே எந்தப் பெட்டியையும் பிரிக்கக் கூடாது. ஏன் தெரியுமா அம்மணி? இது மர்மப் பெட்டி. பிரித்துவிட்டால் மர்மம் போய்விடும். மர்மம் போன பெட்டி வேறு பொருள். வேறு பொருளை மதிப்பிட நமக்கு நிதி ஒதுக்கப்படவில்லை. உடுமலைப்பேட்டைச் சந்தையில் தேங்காயை உடைத்துப் பார்த்தா விலை பேசுகிறார்கள்? தட்டித்தானே பார்க்கிறார்கள். நாமும் தட்டுகிறோம். ஆட்டுகிறோம். எடை போடுகிறோம். உள்ளே போவதில்லை. அதுதான் பண்பாடு."

சந்தா நடத்தும் கம்பெனிக்குக் குபீர் பாக்ஸ் என்று பெயர். ஆய்வகத்துக்கு நிதி கொடுப்பதும் அவர்கள்தான். இதில் எந்தச் சிக்கலும் இல்லை என்று ஆய்வகமே ஆராய்ந்து முடிவு சொல்லியிருந்தது.

சுவரை ஒட்டிக் கூரைவரை அலமாரிகள். எல்லாவற்றிலும் பிரிக்காத பெட்டிகள். சந்தில் லேத் ஓடும்போது கட்டடம் அதிரும். பெட்டிகளுக்குள் இருப்பவை கடகடவென்று ஆடும். பூட்டிய அறைக்குள் யாரோ கதவைத் தட்டுவது போல இருக்கும். இல்மாவால் ஸ்டூலில் நிலையாக உட்கார முடியவில்லை. கால் தானாக ஆடியது. எழுந்து ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். விரல் நகம் எந்தப் பெட்டியைத் தொட்டாலும் ஒட்டுநாடாவின் ஓரத்தைத் தேடியது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

ஆய்வகத்தின் பெருமை அரங்கசாமி.

முன்பு மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடியபின் இங்கே அளவுகோலாகச் சேர்ந்தார். ஆச்சரியத்தை அளக்க ஓர் அலகு வேண்டும் அல்லவா. அந்த அலகுக்குத் திகை என்று பெயர் வைத்திருந்தார்கள். அரங்கசாமிக்குப் பின்னால் நின்று ஒரு காகிதக் கவரை ஊதி உடைத்தால் அவருடைய புருவம் எவ்வளவு உயர்கிறதோ, அதுதான் ஒரு திகை. அதன்பிறகு அந்த மாதத்துப் பெட்டியை அவர் முன்னால் வைப்பார்கள். மறுபடியும் புருவத்தை அளப்பார்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் பெட்டியின் மதிப்பு வந்துவிடும். காலிப்பரைப் பிடிப்பது இல்மாவின் வேலை.

அளவுகோல் கெடாமல் இருக்க அரங்கசாமியைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். செய்தித்தாள் கிடையாது, போன் கிடையாது. மதியம் என்றைக்கும் தயிர்சாதம்தான். குழம்பு மாறினால் புருவம் மாறக்கூடும். அவர் மகளுக்கு வரன் அமைந்த சேதியைக்கூட அந்த மாத அளவீடு முடிந்த பிறகே வீட்டாரைச் சொல்ல விட்டார்கள். அவரும் ஒன்றும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. நாற்காலியில் சாய்ந்து, சுத்தியல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, யாரையும் தொந்தரவு செய்யாமல் இருந்தார்.

இரண்டு மூன்று மாதத்தில் இல்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கவர் உடையப்போகிறது என்று அரங்கசாமிக்குத் தெரியும். மாதாமாதம் உடைகிறது. எனவே புருவம் மாதாமாதம் குறைவாக உயர்ந்தது. பெட்டியைப் பார்த்து உயர்வதோ மாறவே இல்லை. அது லேத் அதிர்ச்சியில் முகம் நடுங்குகிற நடுக்கம் மட்டுமே. வகுக்கும் எண் தேயத் தேய, மதிப்பு ஏறிக்கொண்டே போனது. ஏறும் கோட்டைப் பெரிய வரைபடமாகப் போட்டுச் செவ்வந்தி மாலை சாத்தியிருந்தார்கள்.

ஒரு நாள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு இயக்குநர் அறை வாசலில் நின்றாள்.

"சார், அளவுகோல் தேயுதுங்க."

"என்ன?"

"அளவுகோலுங்க. தேயுது."

அருள்குமார் கையைக் காதுக்குக் குவித்து அதை ஒருவழியாகக் கேட்டு முடித்தார். பிறகு அன்பாகச் சிரித்தார். "தேயட்டும் அம்மணி. செருப்புத் தேய்கிறது என்றால் நாம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். வரைபடம் ஏறுகிறதா, இல்லையா?"

"ஏறுதுங்க."

"அப்புறம் என்ன."

மெர்சி வந்தது அதற்கு அடுத்த வாரம்.

நாற்பது வயதிருக்கும். மதுக்கரையில் ஆல்வின் கேம் சென்டர் என்று ஒன்று நடத்துகிறவர். வீட்டின் முன்னறையில் இரண்டு டிவி, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் வந்து அரைமணி, ஒரு மணி என்று விளையாடிவிட்டுப் போவார்கள். மாதம் ஒரு புது கேம் வந்தால் கூட்டம் குறையாது என்று நம்பிக் குபீர் பாக்ஸில் சந்தா கட்டியிருந்தார். ஒரு சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்க நின்றார்.

"ஏனுங்க, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. இந்தச் சந்தாவை நிறுத்தலாம்னு கம்பெனியைக் கேட்டேனுங்க. ஆய்வகத்துல பெறாதுன்னு முடிவு சொல்லட்டும், உடனே நிறுத்திடறோம்னு சொன்னாங்க. அதான், முடிவு எந்த மட்டுல இருக்குதுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். ஒண்ணும் அவசரமில்லீங்க."

"நல்ல நேரத்தில் வந்தீர்கள்," என்றார் அருள்குமார். "ஆராய்ச்சி உச்சத்தில் இருக்கிறது. உட்காருங்கள்."

"உக்காரலீங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு. இதைக் கொஞ்சம் பாத்தீங்கன்னா..." என்று சாக்குப்பையின் வாயைப் பிரித்தார். "வந்த பொட்டியெல்லாம் இதுல இருக்குதுங்க. ஒண்ணு பாருங்க, பனிக்கட்டி ஏரியில மீன் புடிக்கிற..."

அருள்குமார் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டார். அரங்கசாமியும் வைத்துக்கொண்டார், அவருக்குப் பயிற்சி உண்டு. புதிதாகச் சேர்ந்த இல்மாவுக்கு அதைச் சொல்லித்தர மறந்திருந்தார்கள்.

மெர்சி பாவம், யாரும் குறுக்கே பேசாததைக் கவனிப்பு என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ஏரியில் மீன் பிடிக்கும் விளையாட்டுதான் முதலில் வந்தது. நடுவில் ஒரு மாதம் விட்டு மறுபடியும் அதுவே வந்தது. அப்புறம் ஒரு மாதம் வந்த டிஸ்க்கைப் போடுகிற மெஷின் ஊரில் யாரிடமும் இல்லை. பழைய சாமான் கடைக்காரர்கூட அது தன் காலத்துக்கு முந்தியது என்று சொல்லிவிட்டார். இன்னொரு மாதம் ஒரு சீட்டில் நம்பர் வந்தது. நம்பரைத் தட்டினால் கேம் இறங்கும். இறங்கியது. அந்த கேம் நம்பர் தட்டாதவர்களுக்கும் சும்மாவே இறங்குகிறது.

"பசங்க கேலி பேசுதுங்க கண்ணு," என்று இல்மாவைப் பார்த்துச் சொன்னார். "அக்கா, போன மாசமும் மீன் புடிச்சோம், இந்த மாசமும் மீன் புடிக்கிறோம், டிவிய வித்துப்போட்டு ஒரு தராசு வாங்கிப் போடுங்க, மீனாவது விப்போம்கறான் ஒருத்தன். பாதிப் பேரு இப்ப அடுத்த தெரு சென்டருக்குப் போயிட்டானுங்க. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே போச்சுன்னா நான் கதவைச் சாத்திப்போட வேண்டியதுதான்."

"கம்பெனியில சத்தம் போட்டுக் கேக்கலீங்களாக்கா?"

"சத்தம் போட்டா நல்லாவா இருக்கும் அம்மணி? நெதமும் கூப்புட்டு, சாப்ட்டீங்களான்னு கேக்குது அந்தக் கம்பெனிப் புள்ள. எப்படி மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்றது?" மெர்சி பையைக் கட்டித் தோளில் போட்டார். "பெரிய படிப்புப் படிச்சவங்க ஆராயறீங்க. நல்லா ஆராய்ஞ்சு சொல்லுங்க. நான் அடுத்த மாசம் வாரேன்."

அவர் இறங்கிப் போன பிறகு அருள்குமார் விரலை எடுத்துவிட்டு இல்மாவை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"காதை மூடினீர்களா?"

"இல்லீங்க சார்."

"கேட்டுவிட்டீர்களா?"

"கேட்டுருச்சுங்க."

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். ஆய்வகத்தின் வரலாற்றில் உள்ளே இருப்பது தெரிந்த முதல் ஊழியர் இல்மா. தெரிந்தவர் கையில் காலிப்பர் இருந்தால் அளவீடு கறைபடும். நெடுநேரம் யோசித்து, அவளுக்குச் சம்பளத்துடன் மறதி விடுப்பு கொடுத்தார். வீட்டுக்குப் போய், கேட்டதை எல்லாம் மறந்துவிட்டுத் திங்கட்கிழமை வரவேண்டும்.

கோட்டைமேட்டு வீட்டில் சாஜிதா பேகம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உடம்பு சரியில்லையா? நேரத்துலயே வந்துட்டே."

"மறக்கறதுக்கு லீவு கொடுத்திருக்காங்கம்மா."

"எதை மறக்கணும்?"

"அதைச் சொன்னா மறக்கலைன்னு ஆயிரும்."

சாஜிதா பேகம் கத்தியைக் கீழே வைத்தாள். "ஏன்டி, நீ வேலைக்குத்தான் போறியா?"

இல்மா மறக்க முயன்றாள். படுத்தால் பனிக்கட்டி ஏரி வந்தது. எழுந்து நடந்தால் மெர்சியின் சாக்குப்பை வந்தது. முன்னறைக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து அம்மாவின் பொறுமையைத் தீர்த்தாள். இதுவரை அவளுக்குப் பெட்டிகளைப் பற்றி ஆர்வம் இருந்தது. இப்போது அவற்றைப் பற்றித் தெரிந்திருந்தது. தெரிந்ததைத் தூக்கிக்கொண்டு உட்கார முடியவில்லை. திங்கட்கிழமை காலையில் "மறந்துவிட்டீர்களா?" என்று அருள்குமார் கேட்டார். "எதையுங்க சார்?" என்று கேட்டாள். தன் வாயிலிருந்து அப்படி ஒரு பதில் வந்ததில் அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. இயக்குநர் முகம் மலர்ந்தது. "இப்படித்தான் இருக்க வேண்டும் விஞ்ஞானி," என்றார்.

மெர்சி அடுத்த மாதமும் வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். பை கனத்துக்கொண்டே போனது. ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்றபடியே, "ஒண்ணும் அவசரமில்லீங்க," என்றார். கடைசித் தடவை வந்தபோது இரண்டு டிவியில் ஒன்றை விற்றிருந்தார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இல்மா தராசைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டாள். பெறாது என்று ஒரு சொல் தொண்டைவரை வந்து, நிரந்தரம் என்ற இன்னொரு சொல்லில் முட்டித் திரும்பிப் போனது.

இல்மாவின் ஆறு மாதம் முடிகிற மாதத்தில் அது நடந்தது. அவள் வழக்கம்போலக் காலிப்பரைப் பிடித்தாள். அருள்குமார் வழக்கம்போலக் கவரை ஊதி உடைத்தார். அரங்கசாமியின் புருவம் அசையவே இல்லை.

"மன்னிச்சுக்கோங்க," என்றார் அரங்கசாமி. உண்மையாகவே வருந்தினார். "ராத்திரியெல்லாம் நெனைச்சுப் பாத்தேன். வரமாட்டேங்குதுங்க."

"எவ்வளவு?" என்று அருள்குமார் இல்மாவைக் கேட்டார்.

"பூஜ்யமுங்க சார்."

"பெட்டிக்கு?"

"எப்பவும் வர்றதுதாங்க."

"வகுங்கள்."

"வகுக்கக் கூடாதுங்க சார். பூஜ்யத்தால."

"கூடாது என்று யார் சொன்னது? சுற்றறிக்கை வந்திருக்கிறதா?"

"கணக்குலயே கூடாதுங்க."

அவர் கால்குலேட்டரை வாங்கித் தானே தட்டினார். அது பிழை என்று காட்டியது. அருள்குமார் கண்ணாடியைக் கழற்றி அதைப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். அவர் குரல் தழுதழுத்தது. "பார்த்தீர்களா, கால்குலேட்டருக்கே அடங்கவில்லை. எல்லையற்ற மதிப்பு அம்மணி. மூன்று வருட உழைப்பு. காசுக்குப் பெறுமா என்று கேட்டார்களே, எத்தனை காசுக்கும் பெறும்."

சான்றிதழ் வழங்கும் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். பந்தல் இல்லாத குறையை மாடிப்படிக்கு வாழைமரம் கட்டித் தீர்த்தார்கள். குபீர் பாக்ஸிலிருந்து உதய் என்ற இளைஞன் சரவணம்பட்டியிலிருந்து காரில் வந்தான். கம்பெனியின் மகிழ்ச்சிப் பிரிவுக்கு அவன்தான் தலைவன். நுகர்வோர் பிரதிநிதியாக மெர்சிக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், பேசக்கூடாது என்ற நிபந்தனையில். அரங்கசாமி தன் இடத்தில் இருந்தார். மேடைக்கு அழகாக இருக்கட்டும் என்று அவர் முன்னால் அந்த மாதத்துப் பெட்டியை வைத்திருந்தார்கள். விருந்தினர் கண்ணால் பார்க்கட்டும் என்று காலிப்பரும் இல்மாவின் கையில் தயாராக இருந்தது.

உதய் எழுந்து பேசினான்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நாங்க விக்கிறது கேமுன்னு நிறையப் பேரு தப்பா நெனைச்சுட்டு இருக்காங்க. கேமு கடையில கெடைக்கும். எது வேணுமோ அதைப் பாத்து வாங்கிக்கலாம். நாங்க விக்கிறது எதிர்பார்ப்பு. பொட்டி வர்ற வரைக்கும் கஸ்டமர் சந்தோஷமா இருக்கறாரு. பிரிக்கிறாரு. அப்பறம் சந்தோஷமா இல்லைங்கறாரு. இப்ப நீங்களே சொல்லுங்க, அது பொட்டியோட தப்பா, பிரிச்சவரோட தப்பா?"

அருள்குமார் கைதட்டினார்.

"இதை நாங்க மொதல்ல வேற ஊருலதான் ஆரம்பிச்சோம். மூணாம் மாசமே கஸ்டமருங்க ஆபீசுக்கு வந்து அடிக்க நாற்காலியத் தூக்கிட்டாங்க. அப்பறம்தான் கோயமுத்தூருக்கு வந்தோம். இந்த ஊரு மரியாதையை நான் எங்கயும் பாத்ததில்லீங்க. சந்தாவை நிறுத்தச் சொல்லி மெசேஜ் வரும். படிச்சா கண்ணு கலங்கிரும். 'உங்களுக்குச் சிரமம் இல்லீன்னா, சௌகரியப்படறப்ப நிறுத்தினாப் போதுமுங்க'ன்னு எழுதுவாங்க." உதய் உணர்ச்சிவசப்பட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தான். "எங்களுக்குச் சிரமமா இருந்துச்சு. அதனால நிறுத்தலை."

மெர்சி அதற்கும் மரியாதையாகத் தலையாட்டினார்.

அருள்குமார் சான்றிதழை எடுத்து இல்மா முன்னால் வைத்தார். தங்க நிறக் கரை போட்ட தாள். 'எல்லையற்ற மதிப்புடையது' என்று கொட்டை எழுத்து. "விதிப்படி இதில் அறிவியல் பட்டதாரிதான் கையெழுத்திட வேண்டும். நான் வணிகவியல். தம்பி மார்க்கெட்டிங். அரங்கசாமி அளவுகோல், அளவுகோல் கையெழுத்துப் போடக்கூடாது. நீங்கள் போடுங்கள் அம்மணி. போட்டதும் உங்கள் நிரந்தர ஆணையில் நான் போடுகிறேன்."

பேனாவையும் அவரே திறந்து கொடுத்தார்.

இல்மா தாளைப் பார்த்தாள். காலை அழுத்திப் பிடித்தும் அது மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கையெழுத்து. அதன்பின் ஆயுசுக்கும் யாரோடும் பேச வேண்டியதில்லை. அலமாரிப் பெட்டிகள் லேத்தோடு சேர்ந்து கடகடவென்றன. நிமிர்ந்தாள். எதிரே மெர்சி மடியில் சாக்குப்பையை வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசக்கூடாது என்பதால் உதட்டை மட்டும் அசைத்தார். "நீ போடு கண்ணு, பரவால்ல," என்று அந்த உதடு சொன்னது.

அந்தப் பரவாயில்லைதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"போட மாட்டேன்," என்றாள் இல்மா. "இது காசுக்குப் பெறாது."

அவள் எப்போதும் போலத்தான் சொன்னாள். ஆனால் அந்த நொடி பார்த்துக் கரண்ட் போனது. சந்தில் இருந்த அத்தனை லேத்தும் ஒன்றாக நின்றன. அவள் குரல் வெறும் அறையில் தட்டு விழுந்தது போலக் கேட்டது.

அரங்கசாமியின் இரண்டு புருவமும் ஏறின. நெற்றி மடிப்புகளைத் தாண்டி, முடி தொடங்குகிற இடத்துக்குப் போய் நின்றன. வாயும் திறந்திருந்தது.

"யாரும் அசையாதீர்கள்," என்றார் அருள்குமார். "ரீடிங்."

பழக்க தோஷம். இல்மா காலிப்பரை வைத்து அளந்து சொன்னாள். காலிப்பரின் தாடை போதாமல் இரண்டு தடவையாக அளக்க வேண்டியிருந்தது.

"ஆய்வகம் தொடங்கியதிலிருந்து இதுதான் அதிகம்," என்று அருள்குமார் குறித்துக்கொண்டார். "ஒரு பெட்டி ஒரு மனிதனை இவ்வளவு வியக்க வைக்கிறது என்றால்..."

"அவர் பெட்டியைப் பாத்து ஆச்சரியப்படலீங்க சார். என்னைப் பாத்து."

"அவர் முன்னால் பெட்டி இருந்ததா, இல்லையா?"

"இருந்துச்சுங்க."

"அதற்கு மேல் விஞ்ஞானம் எதையும் கேட்பதில்லை." அந்த மாதத்துப் பூஜ்யத்தால் அவர் வகுத்துப் பார்த்தார். கால்குலேட்டர் மறுபடியும் பிழை காட்டியது. "போன தடவையைவிடப் பெரிய எல்லையற்ற மதிப்பு," என்றார்.

உதய்க்கு உற்சாகம் தாங்கவில்லை. இருவரும் உள்ளறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டார்கள். குசுகுசுவென்று பேச்சு கேட்டது. ஒட்டுநாடாவைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அருள்குமார் கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி இருந்தது, நாலு பக்கமும் ஒட்டியிருந்தது.

"அம்மணி, இதற்குள் உங்கள் ஆணை இருக்கிறது. நிரந்தர ஆணையாக இருக்கலாம். நிரந்தரம் என்றால் மாதம் பிறந்ததும் நீங்கள் இதேபோல் எழுந்து நின்று மறுக்க வேண்டும். குரல் குறையக் கூடாது. இல்லை, வேலைநீக்க ஆணையாகவும் இருக்கலாம். எது என்று நான் சொன்னால் என் கொள்கைக்கே துரோகம். இங்கே எதையும் பிரிக்கிற வழக்கமில்லை. வெளியே கொண்டுபோய்ப் பாருங்கள். சில நாள் பிரிக்காமல் வைத்திருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்."

"காலையில வந்து எப்படி இருந்துச்சுன்னு கட்டாயம் சொல்லுங்க மேடம்," என்றான் உதய்.

இல்மா பெட்டியை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். மெர்சி பின்னாலேயே வந்தார். கணபதி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் இருவரும் ஒதுங்கினார்கள். மெர்சி இரண்டு டீ சொன்னார்.

"என்னால உனக்குச் சங்கடமாப் போச்சு அம்மணி."

"இல்லீங்க்கா."

"நீ சொன்னது நெசந்தானா? பெறாதா?"

"பெறாதுங்க்கா. நீங்க வந்த மொதல் நாளே தெரியும். நாந்தான் சொல்லலை."

மெர்சி டீயை ஆற்றிக் குடித்தார். "சரி. அப்ப நாளைக்குப் பேங்க்குக்குப் போயி, மாசாமாசம் பணம் போறதை நிறுத்திப்போடறேன்."

இல்மா கிளாஸைக் கீழே வைத்தாள். "அப்படி நிறுத்த முடியுங்களா?"

"முடியுமுன்னு பேங்க்ல அப்பவே சொன்னாங்க. ஒரு நிமிச வேலையாமா."

"அப்பறம் ஏங்க்கா இத்தனை மாசம்... டிவியெல்லாம் வித்துட்டு..."

"படிச்ச பெரியவங்க ஆராஞ்சுட்டு இருக்கறாங்க. பாதியில நாம போயி நிறுத்துனா அவங்களை மதிக்காத மாதிரி ஆயிராதா?" என்றார் மெர்சி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நெனைச்சுப் பாத்தா நானும் கேனச்சிறுக்கிதான்," என்று சேர்த்துக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சாக்குப்பை மடியில் குலுங்கியது. இல்மாவுக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது.

"உன் பொட்டியப் பிரி. என்ன போட்டிருக்கான்னு பாக்கலாம்."

இல்மா பெட்டியைப் பார்த்தாள். நகம் வழக்கம்போல ஓரத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. உள்ளே இருப்பது நீக்கம் என்றால், அவள் நாளை வரப்போவதில்லை. நிரந்தரம் என்றால், மாதாமாதம் குறித்த நாளில், குறித்த குரலில், யாருக்கும் உதவாத ஓர் உண்மையை எழுந்து நின்று சொல்ல வேண்டும். அதற்கும் அவள் வரப்போவதில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அவளுக்கு ஒன்றும் மாறாது. அப்படிப்பட்டதைத் தகவல் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை.

நாளையிலிருந்து மறுபடியும் வேலை தேட வேண்டும். எந்த விளம்பரத்திலும் பேச வேண்டியதில்லை என்று இனிமேல் இருக்காது. பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அது அவளுக்கு எதைப் பற்றி என்று தெரிந்த பயம்.

உக்கடம் பஸ் வந்து நின்றது. மெர்சி பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார். இல்மா காசைக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

"ஏனுங்க அம்மணி," என்று பேக்கரிக்காரர் கூப்பிட்டார். "பொட்டிய வெச்சுட்டுப் போறீங்க. வேண்டாமுங்களா?"

படியில் ஒரு கால் வைத்தபடி இல்மா திரும்பினாள். பஸ் உறுமிக்கொண்டிருந்தது. தெருவே கேட்கும்படி சொல்ல வேண்டியிருந்தது.

"வேண்டாமுங்க," என்றாள்.